சிகாமட்டில் பசை இல்லை

அத்தியாயம் 3

அந்தப் பிளாஸ்டிக் பையை மூக்கருகே கொண்டுபோன வேகத்திலேயே ரூபேந்திரன் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"அலமாக்! ஒரு மோப்பத்துக்கே எனக்கு நீங்க ரெண்டு பேரா தெரியறீங்க அக்கா. ஒரு சிகப்பியையே தாங்க முடியல லா."

"அதான் மோந்து பாக்காதன்னு சொன்னேன். குடு இங்க."

சிகப்பி பையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சிகாமட் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்கு வெளியே மூன்று பேரும் நின்றிருந்தார்கள். மூன்றாவது ஆள் தனலெட்சுமி. செடெனாக் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. சீருடையைக் கூட மாற்றாமல் வந்திருந்தாள். உள்ளே படுத்திருப்பது அவளுடைய செத்துப்போன அக்காவின் மகள் லோஷினி. பதின்மூன்று வயது. அப்பன்காரன் எங்கோ போய்விட, அந்தப் பிள்ளை வீட்டைவிட்டு ஓடி, ஒரு வருஷத்துக்கு மேல் தெருவில் கிடந்து, கடைசியில் மூச்சுத் திணறி இங்கே வந்து சேர்ந்திருக்கிறாள்.

"உயிருக்கு பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு மேடம். ஆனா பேச மாட்டேங்குது. யாரு உனக்கு மோந்து பாக்க இந்தப் பசைய, இந்த கம்ம குடுத்தாங்கன்னு கேட்டா, போர்வைய இழுத்து மூஞ்சிய மூடிக்குது." தனலெட்சுமி சீருடைக் கையால் முகத்தைத் துடைத்தாள். "போலீஸ் விசாரிக்கறாங்க. அவங்க வேலைய அவங்க பாக்கட்டும். எனக்கு அந்த ஆளு யாருன்னு தெரியணும்."

அதற்காகத்தான் சிகப்பி ஸ்கூடாயிலிருந்து வந்திருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவள்; இப்போது தனியாகத் துப்பறிகிறாள். சந்தேகப்படுவது அவளுக்குத் தொழில். லீவு நாளிலும் அதை அவள் நிறுத்தியதில்லை. அவளுடைய உதவியாளன் ரூபேந்திரன் முன்பு தவணை கட்டாதவர்களின் கார்களை இழுத்துவரும் லோரி ஓட்டியவன். கார்களை ஒழுங்காகத்தான் இழுத்தான். வாயைத்தான் இழுத்துப் பிடிக்க முடியவில்லை. வேலை போய்விட்டது.

லோஷினியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது அவள் உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்த பை அது. குழம்பு கட்டிக் கொடுக்கும் சாதாரணப் பை. கழுத்தில் இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் கயிறு, முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. யாரோ முடிச்சை அவிழ்க்காமல் பையின் பக்கவாட்டைக் கிழித்துத் திறந்திருக்கிறார்கள். அடியில் மஞ்சள் கறை. அதன்மேல் தேன் நிறத்தில் காய்ந்துபோன பசை.

"இதுல என்ன இல்ல, சொல்லு பாப்போம்," என்றாள் சிகப்பி.

"நல்ல வாசனை."

"டின்னு. கம் மோந்து பாக்கற பிள்ளைங்க டின்னோடதான் சுத்தும். தனலெட்சுமி, பஸ் ஸ்டாண்டு பக்கம் மத்த பிள்ளைங்களப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம். எல்லா கையிலயும் பைதான். டின் ஒன்னு கூட பாக்கல."

"அப்ப யாரோ டின்ன தன்கிட்டயே வச்சிக்கிட்டு, உள்ள இருக்கறத மட்டும் குடுக்கறாங்க. எதுக்கு இவ்வளவு கஷ்டம்? டின்னையே குடுத்துட்டு கைய கழுவிட்டுப் போகலாமே."

ரூபேந்திரன் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் தாழ்வாரத்தின் மறுமுனையிலிருந்து ஒருவர் வேகமாக வந்தார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை. ஒரு கையில் ஆப்பிள், மறு கையில் சத்துமாவு டின். நகக்கண்களில் மட்டும் எண்ணெய்க் கறுப்பு.

"இவருதான் மேடம், மனோகரன் அண்ணே," என்றாள் தனலெட்சுமி. "ரயில் தண்டவாளம் பக்கத்துல கெடந்த பிள்ளைய லோரியில தூக்கிப் போட்டுக்கிட்டு வந்து சேத்தவரு. பெசி புரோக் கடை வச்சிருக்காரு."

பெசி புரோக் என்றால் பழைய இரும்பு. மனோகரன் கூச்சத்தோடு சிரித்தார். "ஐயோ, என்னா தங்கச்சி. மனுஷன்னா செய்ய மாட்டானா."

சிகப்பி யாரென்று தெரிந்ததும் அவர் முகம் தீவிரமானது. குரலைத் தாழ்த்தினார்.

"யாரையும் குத்தம் சொல்லக் கூடாது மேடம். ஆனா மனசு கேக்கல. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ராஜம்மான்னு ஒருத்தவங்க சோத்துக்கடை வச்சிருக்காங்க. ஊர்ல உள்ள ஹார்ட்வேர் கடையில எல்லாம் கம் வாங்கறது அவங்கதான். பிள்ளைங்களும் அவங்க கடைப் பின்னாலதான் சுத்துதுங்க. அதுக்கு மேல நான் எதுவும் சொல்லல."

சொல்லிவிட்டு அவர் வார்டுக் கதவின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். உள்ளே கட்டிலில் போர்வை மெல்ல மேலேறி லோஷினியின் முகத்தை மூடியது. சிகப்பி அதைப் பார்த்தாள். 

கீழே வந்து ரூபேந்திரனின் காரில் ஏறினார்கள். 'கஞ்சில்' ரகச் சின்ன வெள்ளைக் கார், ஒரு கதவு மட்டும் கறுப்பு.

"நல்ல மனுஷன் அக்கா," என்றான் அவன். "இந்தக் காலத்துல யாரு இப்படி லோரிய நிறுத்தித் தூக்குவா?"

"கெட்டவங்க மேல எனக்கு ஒரு தடவ சந்தேகம் வரும் ரூபன். நல்லவங்க மேல ரெண்டு தடவ வரும். வண்டிய எடு. மொதல்ல ஹார்ட்வேர் கடை."

கடைத்தெரு நடுவில் இருந்தது அந்தக் கடை. முன்னால் குழாய்களும் வாளிகளும் தொங்கின. சீனக் கிழவர் ஒருவர் கல்லாவில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"தவுக்கே, கம் வேணும்," என்றான் ரூபேந்திரன் முதலாளியிடம். "பெருசா. கல்யாணம் பண்ணப்போறேன். பொண்ணு ஓடிடாம ஒட்ட வைக்கணும்."

கிழவர் சிரிக்கவில்லை. "கம் இல்லே தம்பி. ஹபிஸ். முடிஞ்சி போச்சி."

"எப்ப வரும்?"

"வரும். ஆனா நிக்காது. லோரி வந்து எறக்கும், அந்தச் சோத்துக்கடை ஆன்ட்டி வரும், எல்லாம் எடுக்கும். நீ பக்கத்து கடைக்குப் போ, அங்கயும் அதே கதைதான்."

"எதுக்குன்னு கேட்டீங்களா?" என்றாள் சிகப்பி.

"கேட்டேன். சப்பாத்து தைக்கறேன்னு சொல்லிச்சி." கிழவர் தன் காலில் இருந்த ஷூவைக் காட்டினார்.

வெளியே வந்ததும் ரூபேந்திரன் வயிற்றைத் தடவிக்கொண்டான். "சோத்துக்கடையில சப்பாத்து தைக்கறாங்களாம். அந்தக் கடை ஆட்டுக்கறி எப்படி இருக்கும்னு எனக்கு இப்பவே புரியுது அக்கா."

பக்கத்துக் கடையிலும் பசை இல்லை. அதற்கடுத்த கடையில் இவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே கடைக்காரர் கையை விரித்தார். சிகாமட்டில் எதை வேண்டுமானாலும் வாங்கலாம் போலிருந்தது, பசையைத் தவிர.

ராஜம்மாவின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால், தகரக் கூரையின்கீழ் இருந்தது. மதியக் கூட்டம் ஓய்ந்துகொண்டிருந்த நேரம். ஐம்பது வயதைத் தாண்டிய அந்தப் பெண்மணி, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சோற்றைப் பொட்டலம் கட்டி, குழம்பைப் பையில் ஊற்றி, இளஞ்சிவப்புக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு வளையத்தோடு முடித்து நீட்டிக்கொண்டிருந்தார்.

சிகப்பி அந்த முடிச்சைப் பார்த்தாள். கைப்பைக்குள் இருந்த பையை எடுத்து அதையும் பார்த்தாள். அதே இரண்டு சுற்று. அதே வளையம்.

"ரூபன்," என்றாள் உதட்டை அசைக்காமல். "நீ கக்கூஸ் தேடற மாதிரி பின்பக்கம் போ."

"தேடற மாதிரி என்னா, உண்மையாவே வருது."

அவன் நழுவினான். கடையின் பக்கச் சுவரில் வரிசையாக ஆணிகள் அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சோற்றுப் பொட்டலமும் குழம்புப் பையும் மாட்டியிருந்தது. ஆணிகள் சிகப்பியின் இடுப்புயரம் கூட இல்லை.

"சுவத்துல தொங்கறது யாருக்குங்க?" என்று கேட்டாள்.

"பசிக்கறவங்களுக்கு. வந்து எடுத்துக்குவாங்க." ராஜம்மா அப்போதும் நிமிரவில்லை. "உங்களுக்கு என்னா, மீனா கோழியா?"

"சின்னக் கைக்கு எட்டற மாதிரி பாத்து அடிச்சிருக்கீங்க."

இப்போது நிமிர்ந்தார். பார்வை கூர்மையாக இருந்தது. "நீ யாரும்மா?"

சிகப்பி பசை காய்ந்த பையை மேசைமேல் வைத்தாள். ராஜம்மாவின் கை கரண்டியோடு அந்தரத்தில் நின்றது.

"இது என் முடிச்சு," என்றார் மெதுவாக. "என் பை."

"லோஷினி கையில இருந்திச்சி. ஆஸ்பத்திரியில இருக்கா."

அந்த நேரம் பார்த்துப் பின்பக்கத்திலிருந்து ரூபேந்திரனின் குரல் வந்தது.

"அக்கா! ஸ்டோருக்கு வாங்க! சப்பாத்து ஒரு ஜோடி கூட இல்ல. கம் மட்டும் சுவரு மாதிரி அடுக்கியிருக்கு!"

ஸ்டோர் என்பது அரிசி மூட்டை வைக்கும் சின்ன அறை. மூட்டைகளுக்குப் பின்னால், தரையிலிருந்து தோளுயரம்வரை பசை டின்கள். ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. எல்லா மூடியிலும் சிவப்பு நிறத்தில் ஒரு பெருக்கல் குறி.

"போலீசக் கூப்பிடவா?" என்றான் ரூபேந்திரன். அவன் முகத்தில் கிண்டல் இல்லை. கொஞ்சம் முன்னால்தான் அந்தப் பிள்ளையை வார்டில் பார்த்திருந்தான்.

"கூப்பிடு," என்றார் ராஜம்மா. வாசலில் நின்றபடி கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். "நல்லா கூப்பிடு. அதுக்கு முன்னால நான் சொல்றத கேட்டுட்டுக் கூப்பிடு."

அவர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"மலருன்னு ஒரு பிள்ள. ஒன்பது வயசு இருக்குமோ என்னமோ, அதுக்கே தெரியாது. ஒரு நாளு சாப்பிட வந்துச்சு. சோத்த கையில எடுக்குது, வாய்க்குக் கொண்டுபோகத் தெரியல. கன்னத்துல அப்பிக்குது. காதுல அப்பிக்குது. எடுத்துட்டு சிரிக்குது. கம் மயக்கம். நான் அன்னைக்கே ஹார்ட்வேர் கடைக்கெல்லாம் போயி சண்டை போட்டேன், பிள்ளைங்களுக்கு விக்காதீங்கய்யான்னு. நாலு பேரு கேட்டா ஒருத்தன் கேக்க மாட்டான். சரி, ஊர்ல உள்ள கம்ம பூரா நானே வாங்கிட்டா பிள்ளைங்க எத மோந்து பாக்கும்? நீயே சொல்லு."

"மூடியில இந்தச் சிவப்பு?"

"என் பொண்ணோட நகப்பூச்சு. அவ சிங்கப்பூர்ல வேலை செய்யறா. நான் வாங்கின டின்ன எவனாச்சும் திரும்ப விக்கக் கொண்டுவந்தா தெரியணும்ல?"

சிகப்பி அந்தக் கதையை உடனே நம்பிவிடவில்லை. இதைவிட அழகான கதைகளை எல்லாம் கேட்டிருக்கிறாள், கண்ணீரோடு கேட்டிருக்கிறாள், எல்லாம் பொய். அவள் மறுபடி பையைக் கையில் எடுத்தாள். பிறகு கடைக்குள் தொங்கிய புதுப் பைக் கட்டுகளைப் பார்த்தாள். ஒரு கட்டு, இரண்டு கட்டு என்றில்லை. கொத்துக் கொத்தாகத் தொங்கின.

"ரூபன், இவங்க கம் குடுக்கறவங்களா இருந்தா எதுல ஊத்திக் குடுப்பாங்க?"

"பையில."

"எந்தப் பையில?"

அவன் அந்தக் கட்டுகளைப் பார்த்தான். சிகப்பியின் கையிலிருந்த அழுக்குப் பையைப் பார்த்தான். "புதுசு இவ்வளவு தொங்கும்போது..."

"மஞ்சள் கறை கீழ இருக்கு. கம் அதுக்கு மேல இருக்கு. மொதல்ல குழம்பு. சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் கம். பிள்ளைங்க சாப்பிட்ட பையவே கையில எடுத்துக்கிட்டு எங்கயோ போயிருக்குங்க. அங்க ஒருத்தன் ஊத்தியிருக்கான். அவன்கிட்ட பை இல்ல. டின் இருக்கு. ஆனா டின்ன வெளிய விட மாட்டேங்கறான்."

"ஏன் விட மாட்டேங்கறான்?"

சிகப்பி ஒரு டின்னை எடுத்து அதன் மூடியை அவன் பக்கம் திருப்பினாள். சிவப்புப் பெருக்கல் குறி.

"இத வெளிய விட்டா, எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிடும்."

ராஜம்மா மூட்டையிலிருந்து எழுந்துவிட்டார். "என்னா சொல்ற நீ? என் டின்னா? என் ஸ்டோருக்கு பூட்டு போட்டிருக்கேன். சாவி என் இடுப்புல இருக்கு."

"ஸ்டோரு நெறஞ்சா என்ன செய்வீங்க? காலம் பூரா வாங்கி அடுக்க முடியாதே."

"மனோகரன் தம்பி வந்து எடுத்துட்டுப் போவான். பெசி புரோக் கடை. ஆத்துல ஊத்தினா மீனு செத்துப்போகும், குப்பையில போட்டா பிள்ளைங்க எடுத்துடும். அவன்தான் மெசின்ல போட்டு நசுக்கிடறேன் அக்கான்னு சொன்னான். ஒரு பைசா கேக்க மாட்டான். நல்ல பிள்ள."

ரூபேந்திரன் மெல்ல விசிலடித்தான்.

"ஆஸ்பத்திரியில அந்த நல்ல பிள்ளயப் பாத்தோம்," என்றாள் சிகப்பி. "கம் வாங்கறது நீங்கன்னு சொன்னாரு. அத எடுத்துட்டுப் போறது தான்தான்னு மட்டும் சொல்லல."

ராஜம்மாவின் முகம் சிவந்தது. "மறந்திருப்பான். நான் என் கண்ணால பாத்தேன்ம்மா, நசுங்கிக் கெடந்துச்சு, என் சிவப்புக் குறியோட. வா, உனக்கும் காட்டறேன். ஒரு நல்லவன சந்தேகப்படக் கூடாது."

அடுப்பை அணைத்துவிட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு, கறுப்புக் கதவைத் திறந்து காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். சிகப்பி வழியில் லோஷினியின் வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள். சுருக்கமாகப் பேசினாள். ரூபேந்திரன் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான்.

"அக்கா, அந்தாளு உண்மையாவே நசுக்கியிருந்தா?"

"அப்ப அவருகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு, ராஜம்மாகிட்ட திரும்ப வருவேன்."

பின்சீட்டிலிருந்து ராஜம்மா, "வருவ வருவ," என்றார்.

மனோகரனின் இடம் தண்டவாளத்தைத் தாண்டி ஆற்றோரமாக இருந்தது. வேலித் தகரத்தில் போன வெள்ளத்தின் சேற்றுக்கோடு ஆள் உயரத்துக்கு இன்னும் தெரிந்தது. உள்ளே பழைய பிரிட்ஜுகள், சைக்கிள் எலும்புகள், கேபிள் சுருள்கள். நடுவில் நசுக்கும் இயந்திரம். மூலையில் இன்னொரு தகரத் தடுப்பு. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. லோரி வாசலைப் பார்த்து நின்றது.

மனோகரன் இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வந்தார். ராஜம்மாவைக் கண்டதும் அந்த மலர்ச்சி ஒரு கணம் நின்று, பிறகு இன்னும் கொஞ்சம் அகலமானது.

"தம்பி, இவங்களுக்கு அந்த நசுக்கின டின்ன காட்டுப்பா," என்றார் ராஜம்மா. "என்னை சந்தேகப்பட்டாங்க, இப்ப உன்னை சந்தேகப்படறாங்க."

"அதுக்கென்னா அக்கா. தாராளமா பாக்கட்டும்." அவர் சிகப்பியிடம் திரும்பினார். "காலையில சொல்லியிருக்கணும் மேடம். அக்கா பேர நானே சொல்லிட்டு, என்னையும் அதுல சேத்துச் சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க."

சொன்ன விதம் நன்றாக இருந்தது. சிகப்பிக்கே ஒரு நொடி தன்மேல் சந்தேகம் வந்தது.

இயந்திரத்துக்குப் பக்கத்தில் குவியலாகக் கிடந்தன டின்கள். தோசை மாதிரி தட்டையாகியிருந்தன. சில மூடிகளில் சிவப்புக் குறி அப்படியே தெரிந்தது. ராஜம்மா வெற்றியோடு சிகப்பியைப் பார்த்தார்.

"ரூபன், ஒன்ன எடு. நல்லா புடிச்சிப் பாரு."

அவன் ஒன்றை எடுத்துப் புரட்டினான். இன்னொன்றையும் எடுத்தான். விரல்களால் தடவினான்.

"எப்படி நசுக்கினீங்க?" என்று சிகப்பி மனோகரனிடம் சாதாரணமாகக் கேட்டாள். "மூடிய தொறந்தா, மூடியோடயா?"

"மூடியோடதான். தொறந்தா நாத்தம் தாங்காது மேடம். அக்கா குடுத்த மாதிரியே தூக்கிப் போட்டு ஒரே அமுக்கு."

"நெறஞ்ச டின்னு."

"ஆமா, நெறஞ்ச டின்னுதான்."

"ரூபன், கை எப்படி இருக்கு?"

ரூபேந்திரன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான். துருப்பிடித்த தூசி மட்டும்தான் இருந்தது. மெதுவாகக் கையைத் தட்டினான். தூசி பறந்தது.

"ஒட்டல அக்கா."

 சிகப்பி இயந்திரத்தருகே போய்க் குனிந்தாள். தட்டில் காய்ந்த மண்ணும் இரும்புத்தூளும் கிடந்தன.

"நெறஞ்ச கம் டின்ன மூடியோட நசுக்கினா அது வெடிச்சி நாலா பக்கமும் அடிச்சிருக்கும் மனோகரன். இந்த மெசின் அடுத்த அமுக்கு அமுக்க முடியாம ஒட்டிப்போயிருக்கும். இந்தக் குவியல்ல ஒரு டின்ன தனியா பிரிக்க முடியாது. ஆனா ரூபன் சீட்டுக்கட்டுல சீட்டு எடுக்கற மாதிரி எடுக்கறான். மூடி விளிம்பப் பாருங்க, எல்லாத்துலயும் நெம்பின தடம். நீங்க நசுக்கினது காலி டின்னு. உள்ள இருந்தது எங்க?"

மனோகரன் சிரிக்க முயன்றார். "வெயில்ல காஞ்சிருக்கும்..."

"காஞ்சா போயிடாது. ஒட்டிக்கிட்டுதான் காயும். அதுக்குப் பேருதான் பசை."

ராஜம்மா குனிந்து ஒரு தட்டை டின்னை எடுத்தார். தன்னுடைய சிவப்புக் குறியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். 

"அப்ப நான்தான்..." என்றார். "நான்தான் கடை கடையா அலைஞ்சி, வாங்கி, உன் கையில கொண்டாந்து குடுத்திருக்கேன்."

"அக்கா, இவங்க பேச்ச கேட்டுக்கிட்டு..."

"மலரு!" ராஜம்மா திடீரென்று பெருங்குரலில் கத்தினார். "மலரு! இங்க இருக்கியாடி?"

மூலையிலிருந்த தகரத் தடுப்புக்குப் பின்னால் ஏதோ விழும் சத்தம் கேட்டது.

மனோகரன் திரும்பினார். லோரியை நோக்கி ஓடினார். கதவைத் திறந்து ஏறி, கையை ஸ்டீயரிங்குக்குக் கீழே கொண்டுபோனார். கொண்டுபோன கை அங்கேயே துழாவிக்கொண்டிருந்தது.

"இதத் தேடறீங்களா அண்ணே?" ரூபேந்திரன் ஒரு சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுழற்றினான். "பழைய தொழில். எந்த வண்டியப் பாத்தாலும் என் கை மொதல்ல சாவிக்குத்தான் போகும். நீங்க அக்காகிட்ட நல்லவரா பேசிக்கிட்டு இருந்தப்பவே எடுத்துட்டேன்."

மனோகரன் இறங்கி வாசலுக்கு ஓடினார். வாசலில் போலீஸ் கார் நின்றுகொண்டிருந்தது.

தடுப்புக்குப் பின்னால் பிள்ளைகள் இருந்தார்கள். ஐந்தாறு பேர். தரை முழுக்கத் தோல் உரித்த கேபிள். பக்கத்தில் செம்புக் கம்பிக் குவியல். தண்டவாளத்துக்கு அடியில் போகும் குழாய்களுக்குள் பெரியவர்கள் நுழைய முடியாது. பிள்ளைகள் நுழைந்துவிடுவார்கள். உள்ளே கிடக்கும் கேபிளை வெட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். கூலி, அவர்கள் கொண்டுவரும் பைக்குள் ஊற்றப்படும்.

மலர்தான் முதலில் வெளியே வந்தாள். முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஆண்பிள்ளைச் சட்டை. வாயைச் சுற்றிப் புண். கையில் கத்தி இருந்தது. கேபிள் உரிக்கும் சின்னக் கத்தி. மனோகரன் கையில் விலங்கு மாட்டுவதைப் பார்த்ததும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து போலீஸ்காரரின் கையைக் கடித்தாள்.

"அங்கிள விடுங்க! விடுங்க!"

சிகப்பி அவளை இடுப்போடு பிடித்து இழுத்தாள். எடையே இல்லை. ஆனாலும் பிடித்து நிறுத்த முடியவில்லை.

"அவரு எங்கள அடிச்சதே இல்ல! வேலை செஞ்சா கம் குடுப்பாரு. கம் இருந்தா பசிக்காது. ராத்திரி குளிராது. நீங்க குடுப்பீங்களா? நீங்களா குடுப்பீங்க?"

 சிகப்பி வேறு கேள்வி கேட்டாள். "லோஷினிக்கு என்னம்மா ஆச்சு?"

மலரின் உடம்பு சட்டென்று தளர்ந்தது. மனோகரனைப் பார்த்தாள். பிறகு ராஜம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"லோஷினி அக்கா டின்ன பாத்துடுச்சு. இது ஆன்ட்டியோட குறி, நான் போயி ஆன்ட்டிகிட்ட சொல்றேன்னு சொல்லுச்சு. அங்கிள் கோவப்படல. சொல்லு, ஆனா இன்னைக்கு உனக்கு நெறைய தரேன்னு சொன்னாரு. ஊத்திக்கிட்டே இருந்தாரு. அக்கா எழுந்திரிக்கல. அப்புறம் அங்கிள் பயந்துட்டாரு. லோரியில தூக்கிட்டுப் போயிட்டாரு."

உயிரைக் காப்பாற்றியவர் போலீஸ் காருக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். சாகட்டும் என்று ஊற்றி, தன் இடத்தில் செத்துவிடக் கூடாது என்று தூக்கிக்கொண்டு ஓடியவர். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனதும் அக்கறையினால் இல்லை. அந்தப் பிள்ளை வாயைத் திறந்துவிட்டாளா என்று பார்க்கத்தான்.

சிகப்பி தனலெட்சுமிக்குப் போன் செய்து சொன்னாள்.  "அந்த ஆளு கொண்டாந்த ஆப்பிள உரிச்சி ஊட்டினேன் மேடம்," என்றாள் தனலெட்சுமி. "அது வாயையே தொறக்கல. நான் திட்டினேன்."

இன்னொரு போலீஸ் வண்டி வந்தது. பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்குப் பிறகு சமூகநல இலாகா. இளம் கான்ஸ்டபிள் ஒருவர் ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்திப் பெயர் கேட்டார். மலரிடம் வந்தார். பிறந்த தேதி? தெரியாது. அடையாள அட்டை, பிறப்புச் சூராட்டு எதுவும்? இல்லை. அம்மா, அப்பா? மலர் தோளைக் குலுக்கினாள். காணாமல் போனால் தேட ஆள் இல்லாத பிள்ளைகளாகப் பார்த்துத்தான் மனோகரன் பொறுக்கியிருக்கிறான் என்று சிகப்பிக்கு அப்போது புரிந்தது.

கான்ஸ்டபிள் பேனாவை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தார்.

"அனாக் சியாப்பா இனி?" என்றார். இது யாருடைய பிள்ளை?

 

ஒரு பழைய டயரின்மேல் அதுவரை அசையாமல் உட்கார்ந்திருந்த ராஜம்மா எழுந்தார். சேலையில் ஒட்டியிருந்த துருவைத் தட்டிவிடக்கூட இல்லை.

"சாயா புஞ்யா," என்றார். என்னோடது.

கான்ஸ்டபிள் தலையசைத்து, அவருடைய பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். இலாகா அதிகாரிகளிடம் பேச வேண்டும், சட்டப்படி நிறைய இருக்கிறது என்றார். பேசறேன் என்றார் ராஜம்மா.

மலர் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள். அதில் நன்றி எதுவும் இல்லை. சிகப்பிக்கு அந்தப் பார்வையை நன்றாகத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பொய் சொல்பவர்களை அவளே அப்படித்தான் பார்ப்பாள்.

"அதுக்கு நான் என்ன வேலை செய்யணும்?" என்று கேட்டாள் மலர்.

"ஒரு வேலையும் வேணாம்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

மலர் நம்பவில்லை. ஆனாலும் போலீஸ் வண்டியில் ஏறினாள். கதவோரமாக, ஒரு காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு, கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தாள். ராஜம்மா மறுபக்கமாகச் சுற்றிப் போய் ஏறி, அவளைத் தொடாமல், நடுவில் இடம் விட்டு உட்கார்ந்தார். டிரைவர் திரும்பிக் கதவை மூடச் சொல்லப் போனார்.

"இருக்கட்டும்," என்றார் ராஜம்மா. "பிள்ளையே மூடட்டும். நாம காத்திருப்போம்."